முட்டை வழியாகப் பார்த்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபுட்பாலில் நான் டிப்போ டீம் ஆள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்து, அங்கிருக்கும் பஸ் டிப்போவிலேயே கண்டக்டராகச் சேர்ந்து, தொண்டை கிழிய ஸ்டாப் பெயர்களைக் கத்தியே ஓய்வு பெற்றவன். மில் டீம் எங்களை ஜெயித்த கதையை என் வாயாலேயே சொல்ல வேண்டியிருப்பது என் தலையெழுத்து. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு முட்டை அண்ணனைப் பற்றிச் சொல்ல வழியில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

முட்டை அண்ணன் மில் மைதானத்து ஸ்கோர் போர்டுக்காரர். தொழில் தகர வேலை. மைதானத்துச் சுவருக்கு எதிரே அவர் கடை. முன்னால் கடை, பின்னால் ஒரே அறை, அதற்கும் பின்னால் அடுப்பு வைக்க ஒரு மூலை. உள்ளே நுழைந்தால் வெட்டிய தகரத்தின் வாசனையும் பற்றவைக்கிற ஈயத்தின் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறும். புனல், வாளி, தபால் பெட்டி, கூரையில் மாட்டுகிற மழைநீர்க் குழாய், எது கேட்டாலும் செய்து கொடுப்பார். பேச மட்டும் மாட்டார். வந்தவர் ஒரு பாட்டம் பேசி முடித்தால் இவர் "சரி" என்பார். பேரம் படிந்தாலும் "சரி", படியாவிட்டாலும் "சரி". கூட்டம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வாசலிலேயே யாரையாவது பிடித்து, வந்துவிட்டுப் போனதாகச் சொல்லச் சொல்லிவிட்டு நழுவிவிடுவாராம். இதெல்லாம் பின்னால் அவர் கடைக்குப் போய்வந்து பழகியதில் நான் தெரிந்துகொண்டது. அந்த ஆட்டத்துக்கு முன்னால் எனக்கு அவர் முகம்கூடத் தெரியாது.

மில் எப்போதோ மூடிக் கிடங்காகிவிட்டது. டீமை மட்டும் மூட மறந்துவிட்டார்கள். ஜெர்சி எல்லாம் ஒரு காலத்தில் பச்சை. துவைத்துத் துவைத்து இப்போது ஆளுக்கொரு பச்சை. தோற்பதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி. எங்களிடம் தோற்பதில் தனிப் பயிற்சி. பழைய கரும்பலகைப் போர்டு மழையில் உளுத்துப்போனபோது, கிளப் செயலாளரான சலூன்காரர் தகரக்கடைக்கு வந்து எண்கள் செய்து தரச் சொன்னார். முட்டை அண்ணன் எதிரணிக்கு ஒன்பது வரை தகடு செய்தார். மில் டீமுக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டார். "நாலு வேணாமா?" என்று செயலாளர் கேட்டதற்கு "தகரம் வீண்" என்றாராம். அவர் வாழ்நாளில் அடித்த ஒரே ஜோக் அதுதான். அதுவும் ஜோக்காகத்தான் சொன்னாரா என்பது சந்தேகம்.

தகடு செய்தவரே மாட்டவும் ஒப்புக்கொண்டார். அந்தப் போர்டு, சுவரின் மேல் பலகையும் தகரமும் வைத்து அடித்த ஒரு கூண்டு. மைதானத்தைப் பார்த்த பக்கம் இரண்டு சதுர ஜன்னல்கள், ஒன்று மில்லுக்கு, ஒன்று எதிரணிக்கு. உள்ளேயிருந்து தகட்டைச் சட்டத்தில் செருக வேண்டும். ஏறி இறங்கும் ஏணி தெருப் பக்கம் சாத்தியிருக்கும். மைதானத்துக்குள் காலே வைக்க வேண்டாம், யாருக்கும் முகம் காட்டவும் வேண்டாம். கூட்டம் ஆகாத மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஒரு கோளாறு இருந்தது. இரண்டு தகட்டையும் செருகிவிட்டால் உள்ளே கும்மிருட்டு. ஆட்டம் தெரியாது. தகட்டைத் தூக்கிப் பார்த்தால் போர்டில் எண் இருக்காது, ஜனங்கள் கத்துவார்கள்.

அதற்கு அவர் ஒரு வழி செய்தார். மில் டீமின் பூஜ்யத் தகட்டை எடுத்து, கறுப்பு வளையத்துக்கு நடுவே இருந்த வெள்ளைப் பகுதியை அப்படியே வெட்டி எறிந்தார். முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அந்த முட்டைக்குள் கண்ணை வைத்துக்கொண்டு ஆட்டம் பூராவும் பார்ப்பார். மில் டீம் கோல் போடாத வரைக்கும் கண் தெரியும். கோல் போட்டால் முட்டையைக் கழற்றி ஒன்றைச் செருக வேண்டும். அதோடு கண் போயிற்று. மில் டீமின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு மனிதர் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. பல வருஷம் பிசகாமல் வேலை செய்தது. விஷயம் வெளியே தெரிந்து ஊர் அவருக்கு முட்டை என்று பெயர் வைத்தது. அதற்கும் அவர் "சரி" என்றுதான் சொல்லியிருப்பார்.

எப்போதாவது தவறிப்போய் மில் டீம் ஒரு கோல் போட்டுவிட்டால் என்ன செய்வார்? அதற்குத்தான் அவர் மனைவி இருந்தார்.

அந்த அம்மா முதலில் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து கொடுக்கத்தான் வந்தார். பிறகு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தார். உயரம் குறைச்சல், முன்னால் நிற்பவர்கள் மறைப்பார்கள் என்று முட்டை அண்ணன் செய்து கொடுத்த ஒரு தகர வாளியைப் போர்டுக்கு நேர் கீழே கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். மேலே ஒன்று ஏறியதும், கழுத்தைத் திருப்பாமல், பலகை இடுக்கு வழியாக உள்ளே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"ஏங்க, பந்து நம்மகிட்டதான் இருக்கு. நம்மகிட்டதான்... நம்மகிட்டதான்... ஐயோ, குடுத்துட்டான்."

"சரி" என்று உள்ளேயிருந்து கேட்கும்.

"அந்த நெட்டையன் சும்மாவே நிக்கிறாங்க. நட்டுவெச்ச மாதிரி. யாராவது அவன ஓடச் சொல்லுங்களேன்."

"சரி."

"கொடியத் தூக்கிட்டான். ஏன்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

ஆட்ட விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் யார் விழுந்தான், யார் அழுதான், யார் யாரை முறைத்தான், ஒன்று விடமாட்டார். விசில் அடித்த பிறகும் நிறுத்தமாட்டார். கூட்டம் கலைந்து, யார் யாரோடு எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் வாளியிலிருந்து இறங்குவார். அவருக்கு இருந்த ஒரே ஆசை எங்கள் சம்பந்தப்பட்டது. "இந்த டிப்போக்காரனுங்க மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இந்தக் கேட்டைத் தாண்டிப் போறத ஒரு தடவ பாத்துடணும்" என்பாராம். எனக்குக் கோபமில்லை. எங்கள் ஆட்கள் ஜெயித்துவிட்டுப் போகும்போது போடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும்.

ஒரு மழைக்காலத்தில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அவனுங்க தோக்குறத நான் பாக்கப் போறதில்ல போல" என்றாராம் சிரித்துக்கொண்டே. முட்டை அண்ணனுக்குப் பேசத் தெரியாதே. என்னவோ ஒரு வேகத்தில், "நான் பாத்து உனக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு நீளமாக அவர் பேசியதே அந்த அம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அந்த அம்மா வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த அறையில் சத்தம் என்றால் தகரத்தில் சுத்தி விழுகிற சத்தம்தான். வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன்."

"என்ன சாப்டீங்க?"

"சாப்பாடு."

இதற்கு மேல் அவளாலும் என்ன கேட்க முடியும்? அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. அன்றாடம் நடப்பதையெல்லாம் எடுத்துச் சொல்வது அவ்வளவு காலமும் வேறொருவர் வேலையாக இருந்தது. அவர் "சரி" சொன்னால் போதும். இப்போது சொல்வதற்கு ஆளில்லை. சரி என்று எதற்குச் சொல்வது? ஒருவருக்குச் சமைக்கும்போது எவ்வளவு உப்புப் போடுவது என்று பிடிபடவே ரொம்ப நாள் ஆயிற்று என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பிடிபட்ட அன்றைக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றும் சொன்னார்.

போர்டு வேலையை விடவில்லை. அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று எண் தகட்டைக் கடைக்கு எடுத்துவந்து பட்டடைமேல் வைத்தார். இதிலும் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் யார் தயவும் இல்லாமல் பார்க்கலாம். உளியை வைத்தார், சுத்தியையும் ஓங்கினார். அப்புறம் இறக்கிவிட்டார். "ஓட்ட போட்டுட்டா, இனிமே நீ சொல்ல வேணாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல" என்றார் என்னிடம். தகட்டைத் துடைத்து, திரும்பக் கொண்டுபோய் மூலையில் சாத்திவைத்தார். கீழே அந்த வாளியும் கவிழ்த்தபடியே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை, யாரும் ஏறி நிற்கவுமில்லை.

அந்த சீசனில் மில் டீம் அவரைக் காப்பாற்றியது. கடைசி ஆட்டம் வரைக்கும் கோலே போடவில்லை. முட்டையும் இறங்கவில்லை, அவருக்குக் கண்ணும் போகவில்லை. கடைசி ஆட்டம் எங்களோடு. நாங்கள் அட்டவணையில் உச்சி, அவர்கள் அடி. டிப்போ பஸ்ஸிலேயே பாட்டும் கூத்துமாகப் போய் இறங்கினோம். காலையில் பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று கிடந்தது. எங்கள் கோலுக்கு முன்னால் ஒரு குட்டை.

முதல் பாதி முடியப்போகும் நேரம். மில் டீமின் கோல்கீப்பர், பள்ளிக்கூட வாத்தியார், பந்தை ஓங்கி உதைத்தார். அது எல்லார் தலைக்கும் மேலே வந்து எங்கள் பக்கம் விழுந்தது. துள்ளி வரும் என்று எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஓடினார்கள், அவர்கள் ஆட்களும் ஓடினார்கள். பந்து துள்ளவில்லை. குட்டையில் விழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் அதைத் தாண்டி ஓடிப்போய்விட்டார்கள். ஓடாத ஒரே ஆள் நெட்டையன். அவன் என்றைக்கு ஓடினான்? குட்டைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தவன், ஏதோ செருப்பைத் தள்ளுகிற மாதிரி காலால் ஒரு தள்ளு தள்ளினான். எங்கள் கோல்கீப்பர் சேற்றில் வழுக்கி உட்கார, பந்து அவனைக் கடந்து மெல்ல உருண்டு உள்ளே போயிற்று. ஒரு சோம்பேறியிடம் கோல் வாங்கினோம். சொல்லவே வாய் கூசுகிறது.

முட்டை அண்ணன் அதைப் பார்த்தார். முட்டைக்குள் கண்ணை வைத்தபடி, நெட்டையன் சும்மா நிற்பதையும் தள்ளுவதையும் பார்த்தார். பார்த்துவிட்டு அசையாமல் இருந்தார். மில் ஆட்கள் குதித்து முடித்துவிட்டுப் போர்டைப் பார்த்தால் அங்கே இன்னும் பூஜ்யம்.

"முட்டை அண்ணே! ஒன்ன மாட்டுங்க!" என்று ஒருவர் கத்தினார். அப்புறம் மைதானமே கத்தியது.

உள்ளே அவர் என்ன பாடு பட்டார் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த ஆட்டம் இதுவாக இருக்கலாம். முட்டையைக் கழற்றினால் பார்க்க முடியாது. கழற்றாவிட்டால் போர்டு பொய் சொல்லும். இறங்கிச் சுற்றிக்கொண்டு கேட் வழியாக உள்ளே வரலாம். அதற்குள் நாங்கள் ஒரு கோல் போட்டால் மாற்ற ஆளிருக்காது. கடைசியில் முட்டை இறங்கியது, ஒன்று ஏறியது. மில் ஆட்கள் கைதட்டினார்கள். அவருக்குப் பக்கத்து ஜன்னலில் எங்கள் பூஜ்யம் இருந்தது, ஓட்டையில்லாத நல்ல கெட்டித் தகடு. எங்கள் முட்டை கடைசிவரை நிற்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

இரண்டாம் பாதியில் நாங்கள் அவர்களைச் சக்கையாகப் பிழிந்தோம். பந்து அவர்கள் பக்கத்திலிருந்து வெளியே வரவே இல்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை. வாத்தியார் கையால் தடுத்தார், காலால் தடுத்தார், ஒருமுறை மூக்கால் தடுத்தார். முடியப்போகும் நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. எங்கள் கேப்டன், நெடுந்தூர பஸ் டிரைவர், அடித்தார். வாத்தியார் தப்பான பக்கம் விழுந்தார். அவர் குதிகாலில் பந்து பட்டு மேலே எழும்பிக் குறுக்குக் கம்பத்துக்குப் பின்னால் மறைந்தது. "கோல்!" என்று நாங்கள் அத்தனை பேரும் அலறினோம். போர்டிலும் எங்கள் பக்கம் ஒன்று ஏறியது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு ஆளை நான் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன்.

இறக்கிவிட்டுப் பார்த்தால் வாத்தியார் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் பந்து. கம்பத்தின் மேல் விழுந்து திரும்பி அவர் மடிக்கே வந்திருக்கிறது.

அதன் பிறகு நடந்த கூச்சல் இருக்கிறதே! மில் ஆட்கள் போர்டின்மேல் மண்ணாங்கட்டியை எறிந்தார்கள். "முட்டை அண்ணே, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஒன்று இறங்கி, எங்கள் பூஜ்யம் திரும்பவும் ஏறியது. கொஞ்ச நேரத்தில் விசில் அடித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

மில் ஆட்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நெட்டையனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவன் நீளத்துக்கு யார் தோளும் ஒத்துவரவில்லை. யாரோ ஓடிப்போய்த் தெருவில் சாத்தியிருந்த ஏணியை எடுத்துவந்து, அவனை அதன்மேல் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். நாங்கள் எங்கள் பஸ்ஸுக்குப் போனோம். பஸ் கிளம்பப் போகும்போதுதான் குடையை மைதானத்திலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த பஸ்ஸில் உட்கார்ந்து எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. எனக்கும் வீட்டில் காத்திருக்க யாருமில்லை, நான் கட்டிக்கொண்டதே டிப்போவைத்தான்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மைதானம் காலி. குடை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது அந்தப் போர்டு கண்ணில் பட்டது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ ஒருவன் அதில் ஒன்றை மாட்டி, எங்களைக் குதிக்கவைத்து, முட்டாளாக்கியிருக்கிறான். கீழே போய் நின்று குடையால் பலகையைத் தட்டினேன்.

"யோவ், உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

"இல்லீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

உள்ளே ஆள் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தூக்கிவாரிப்போட்டது.

"இன்னும் உள்ளயா இருக்கீங்க?"

"ஏணியக் காணோம். யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க போல."

"கூப்பிட்டுப் பாக்கலயா?"

"கூப்பிட்டேன். சத்தமா இருந்துச்சு. யாருக்கும் கேக்கல."

கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிளப் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன். சலூனுக்கு மேலே ஒரு அறை. உள்ளே நிற்க இடமில்லை. இரண்டு பெஞ்சுக்கு நடுவே ஏணியைப் போட்டு நெட்டையன் இன்னும் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். வாத்தியார் மூக்கில் பஞ்சு. எல்லாரையும் நெருக்கி நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் இருக்கோமா? யாரும் விடுபடலையே?" என்று செயலாளர் கேட்டார். "எல்லாரும் இருக்கோம்!" என்று அறையே கத்தியது.

"அந்த ஏணி வேணும்" என்றேன் வாசலில் நின்று.

என் டிப்போ தொப்பியைப் பார்த்துவிட்டார்கள். "டிப்போக்காரங்க மேல ஏற ஏணி கேக்குறாங்கடா!" என்றான் ஒருவன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நல்ல ஜோக்தான், வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"உங்க முட்டை அண்ணன் மேலயே இருக்கார்."

சிரிப்பு நின்றது. செயலாளர் "ஐயையோ" என்று தலையில் கை வைத்தார். நெட்டையனை இறக்கி ஏணியைக் கொடுத்தார்கள். "நீங்க போய்க்கிட்டே இருங்க, ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுறோம்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். வரவில்லை.

ஏணியைத் தோளில் சுமந்துவந்து தெருப் பக்கம் சாத்தினேன். "இறங்குங்க" என்றேன். மேலே தகரக் கதவு திறந்தது. மெலிந்த, நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. இறங்கவில்லை.

"நீங்க மேட்ச் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"என்ன கேள்வி இது? பாக்காம?"

"கோல் போட்டது வரைக்கும் நான் பாத்தேன். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல." கொஞ்சம் தயங்கினார். "ஒருத்தருக்குச் சொல்லணும். பாத்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

பிறகு, ஏணியின் உச்சியில் நின்றபடியே, அந்த ஓட்டையைப் பற்றியும் வாளியைப் பற்றியும் அந்த அம்மாவைப் பற்றியும் சொன்னார். அவ்வளவாகப் பேசிப் பழக்கமில்லாத ஆள். துண்டுதுண்டாக வந்தது. எனக்கு ஒரு விஷயம்தான் பொறுக்கவில்லை.

"எங்க முட்டையில ஒரு ஓட்டையப் போட்டு வெச்சிருக்கலாமே?"

"உங்க முட்டை எப்பங்க நின்னுருக்கு?" என்றார்.

"சரி, கீழ வாங்க. டீ குடிச்சுக்கிட்டே சொல்றேன்" என்றேன்.

"இல்லீங்க. நான் உள்ள இருக்கேன். நீங்க மைதானத்துக்குள்ள போயி போர்டுக்குக் கீழ நின்னு சொல்றீங்களா? அங்க ஒரு வாளி கெடக்கும்."

யோசித்துப் பாருங்கள். என் டீம் தோற்ற ஆட்டத்தை, தோற்ற அன்றைக்கே, தோற்ற இடத்திலேயே நின்று, அடி முதல் நுனி வரை நான் சொல்ல வேண்டும். ஆனால் மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். வாளிமேல் ஏறி நின்றேன். தலைக்கு மேலே ஒன்றும் பூஜ்யமும் அப்படியே இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"இப்ப செகண்ட் ஹாஃப். பந்து எங்ககிட்ட இருக்கு. எங்காளு அடிச்சான்... வாத்தியார் தட்டிட்டார்."

"சரி" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"திரும்பவும் எங்ககிட்ட. அடிச்சாச்சு. வாத்தியாருக்கு மூக்குல பட்டுது. ரத்தம். துடைச்சுக்கிட்டு எந்திரிச்சிட்டார்."

"நெட்டையன்?"

"அவனா? சும்மா நிக்கிறான்."

உள்ளே ஒரு சத்தம். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன். பெனால்டியும் சொன்னேன், குதிகாலில் பட்டதும் கம்பத்தில் விழுந்ததும் சொன்னேன். எங்கள் ஆட்கள் கோல் என்று கத்தினார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டு நீங்கள் ஒன்றை மாட்டினதில் தப்பே இல்லை என்றும் சொன்னேன். விசில் அடித்ததோடு நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன? முடிஞ்சுபோச்சு."

"அவ முடிஞ்சப்புறமும் சொல்லுவா. எல்லாரும் போற வரைக்கும்."

சரி, வாளிமேல் ஏறியாயிற்று, இனி என்ன வெட்கம் என்று அதையும் சொன்னேன். ஏணி வந்தது, நெட்டையனை ஏற்றினார்கள், அவன் பயத்தில் இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான், செயலாளர் முன்னால் ஆடிக்கொண்டே போனார், எல்லாவற்றையும்.

"டிப்போக்காரங்க?"

"கேட் வழியாப் போறாங்க" என்றேன்.

"எப்படிப் போறாங்க?"

"மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுத்தான்."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஒருத்தன்கூட வாயத் தொறக்கல. நானும் அப்படித்தான் போனேன்."

உள்ளே அவர் அதை யாருக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லி முடிக்கட்டும் என்று காத்து நின்றேன். இருட்டிக்கொண்டு வந்தது. குட்டையில் மட்டும் கொஞ்சம் வானம் தெரிந்தது.

"இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. எல்லாரும் போயிட்டாங்க."

"நல்லாப் பாருங்க. வாளிமேல யாரும் இல்லியா?"

நான் கீழே குனிந்து என் கால்களைப் பார்த்தேன். மண் ஒட்டிய டிப்போ ஷூ, அதற்கடியில் அவர் செய்த வாளி.

"நான் நிக்கிறேங்க" என்றேன்.

"சரி" என்றார். அதற்கப்புறம் அவர் அழுவது பலகை இடுக்கு வழியாகக் கேட்டது. நான் வாளியை விட்டு இறங்கவில்லை.